அமெரிக்கா ராணுவவாத நாடா? எதை வைத்து அளப்பது?

ரோஸ் ஹில் வாசகர்:
நம் மொரீஷியஸுக்கு நிரந்தர ராணுவமே கிடையாது. சாகோஸ் தீவுகளில் ஒன்றான தியேகோ கார்சியாவிலோ அமெரிக்க ராணுவத் தளம். அமெரிக்காவை ராணுவவாத நாடு என்று சொல்ல எது அளவுகோல்?

போர்ட் லூயிஸ்:
செலவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 2023இல் சுமார் 91,600 கோடி டாலர், உலக ராணுவச் செலவில் மூன்றிலொரு பங்குக்கும் மேல். ஆனால் பொருளாதார அளவோடு வைத்துப் பார்த்தால், பனிப்போர்க் காலத்தைவிடக் குறைவு. போரை யார் தொடங்க முடிகிறது என்று பாருங்கள். 1973 போர் அதிகாரத் தீர்மானப்படி, படையைச் சண்டைக்கு அனுப்பும் அதிபர் 48 மணி நேரத்துக்குள் காங்கிரசுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, தெரிவிக்க வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் 60 நாளில் சண்டையை நிறுத்த வேண்டும். ஓட்டை எங்கே என்றால், 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் காங்கிரஸ் கொடுத்த ஒரே அனுமதியை அடுத்தடுத்த அதிபர்கள் பல நாடுகளுக்கு இழுத்துக்கொண்டார்கள். என் பார்வையில் கோளாறின் வேர் அதுதான்.

குவாட்ர் போர்ன்:
ஐயா, பண்பாட்டையும் சேருங்கள். கட்டாய ஆள்சேர்ப்பு 1973இல் நின்றது. ஆனால் சேருபவருக்குப் படிப்புச் செலவு கிடைக்கிறது. வசதியில்லாத பிள்ளைகளுக்கு அது பெரிய ஈர்ப்பு.

மாயேபூர்:
சாகோஸ் மக்களை மறக்காதீர்கள். 1965இல் பிரிட்டன் அந்தத் தீவுகளை மொரீஷியஸிலிருந்து பிரித்தது, 1966இல் அமெரிக்காவோடு 50 ஆண்டு ஒப்பந்தம், 1973க்குள் ஒருவர் விடாமல் வெளியேற்றம். தளத்துக்காக ஊரையே காலி செய்தது கொள்கைதானே?