ஆவணப் புகைப்படத்துக்கு இனி யார் இருக்கிறார்கள்?

இருட்டறைவாசி:
தீவிர ஆவணப் புகைப்படத்தைப் பார்க்க ஆள் இல்லை என்பதை ஒப்புக்கொண்டுவிடலாம். 1948இல் அமெரிக்கப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் ஒரு கிராமத்து மருத்துவரைப் பின்தொடர்ந்து எடுத்த படங்களை அந்நாட்டின் ‘லைஃப்’ இதழ் பல பக்கங்களுக்கு விரித்துப் போட்டது. இன்று அதே தொடரைக் கைப்பேசியில் ஒரு விரல் நொடியில் தள்ளிவிடும். பொறுமை முதலில் போனது, சந்தை பிறகு போனது.

கணக்குப்பிள்ளை:
வரிசையை மாற்றிச் சொல்கிறீர்கள். 1972இல் ‘லைஃப்’ வார இதழ் நின்றபோது வாங்குவோர் லட்சக்கணக்கில் இருந்தார்கள். விளம்பரம்தான் தொலைக்காட்சிக்குப் போய்விட்டது. ஸ்மித்தின் பக்கங்களுக்குச் செலவழித்தவர் வாசகர் அல்ல, அடுத்த பக்கத்தில் கார் விற்றவர். அட்டையில் இருந்த நடிகைக்காக இதழை வாங்கியவர்களையும் நம் ரசிகர் கணக்கில் சேர்த்துவிட்டோம்.

இருட்டறைவாசி:
எதற்காக வாங்கினால் என்ன? நடிகைக்காகப் புரட்டியவர் மருத்துவரையும் பார்த்தாரே! இப்போது தேடி வருபவர் மட்டுமே பார்க்கிறார். அவரோ ஏற்கெனவே நம் பக்கம்.

மூன்றாம் சட்டகம்:
இதில் எனக்கு இருட்டறைவாசியின் கட்சிதான். ஆனால் விலையை இருவருமே விட்டுவிட்டீர்கள். 2013இல் ‘சிகாகோ சன்-டைம்ஸ்’ நாளிதழ் தன் முழுநேரப் புகைப்படக்காரர்கள் அனைவரையும் வேலையை விட்டு அனுப்பியது. மறு ஆண்டு, படங்களை உரிமத்துக்கு விற்கும் கெட்டி நிறுவனம் சுமார் 3.5 கோடி படங்களை வணிகம் சாராத வலைத்தளங்கள் இலவசமாகப் பதிக்கலாம் என்றது. இதற்குப் பிறகு மூன்று ஆண்டு உழைப்புக்கு எந்தப் பத்திரிகை ஆசிரியர் பணம் தருவார்? எஞ்சியது மானியம். விண்ணப்பத்திலேயே கதையின் முடிவை எழுதச் சொல்கிறார்கள். ஆலைக் கழிவுப் பாதரசத்தால் மக்கள் பாதிக்கப்பட்டதை ஸ்மித் படமெடுத்த ஜப்பானிய ஊரான மினமாட்டாவுக்குப் போகும் முன்பே பாதரசத்தைப் பற்றிய முடிவுரை வேண்டும் என்பதுபோல. நடுவர்களுக்குப் பிடித்த சோகத்தின் நிறம்கூட இப்போது எல்லோருக்கும் தெரியும்.

கணக்குப்பிள்ளை:
மானியம் புதிதா? லூயிஸ் ஹைன் 1908 முதல் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் சிறுவர்களைப் படமெடுத்தது, குழந்தைத் தொழிலை எதிர்த்த ஒரு குழுவின் சம்பளத்தில். 1936இல் டொரோதியா லாங் எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’ என்ற படம் அமெரிக்க அரசுப் பணத்தில் பிறந்தது. இந்த வேலைக்குத் தனிச் சந்தை என்றுமே இருந்ததில்லை. யாரோ ஒருவர் தன் தேவைக்காகச் செலவழித்தார், நாம் அதைச் சந்தை என்று நினைத்துக்கொண்டோம். இல்லாததற்கு எதற்கு ஒப்பாரி?

இருட்டறைவாசி:
ஹைனை நீங்களே இழுத்தீர்கள், நல்லது. அவருக்குச் சம்பளம் தந்தவர்கள் அந்தப் படங்களைச் சட்டம் இயற்றுவோர் கண்ணில் படவைத்தார்கள். இன்றைய மானியம் ஒரு கண்காட்சியோடும் விலை உயர்ந்த ஒரு புத்தகத்தோடும் முடிகிறது. அந்தப் புத்தகத்தை வாங்குபவரும் இன்னொரு புகைப்படக்காரர்தான்.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் முடிவெடுக்கும் பத்துப் பேருக்காக எடுங்கள். லட்சம் பேர் எதற்கு?

இருட்டறைவாசி:
பத்துப் பேருக்கு ஓர் அறிக்கை போதுமே, படம் எதற்கு?

மூன்றாம் சட்டகம்:
ஹைன் சிறுவர்களின் வயதையும் வேலை நேரத்தையும் விசாரித்துக் குறித்துக்கொண்டுதான் படமெடுத்தார். அறிக்கையும் படமும் சேர்ந்தே போயின. நம் மானிய விண்ணப்பங்களில் யாரிடம் கொண்டுபோகப் போகிறோம் என்று எழுத ஒரு கட்டமாவது இருக்கிறதா? நான் நிரப்பியவற்றில் கண்காட்சி அரங்கின் அளவைத்தான் கேட்டிருந்தார்கள்.