புனலூர் பக்கம் தொண்டு நிறுவனத்துல களப்பணி வேலை, சேரலாமா?

கோட்டைவாசல்_பையன்:
ஊர் செங்கோட்டை. எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணிப் படிப்பு) முடிச்சிட்டு ஒன்றரை வருஷமா தென்காசி ஜவுளிக்கடையில பில் போடுதேன். போன வாரம் கேரளாவுல புனலூர் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்துல இருந்து கூப்பிட்டாங்க. மாற்றுத்திறனாளிகள், மனநலம் ரெண்டும் பாக்கிற இடம். தமிழ் தெரிஞ்ச களப்பணியாளர் வேணுமாம். ஆரியங்காவு, குளத்தூப்புழை பக்கம் தோட்டத்து வீடுகளுக்குப் போகணும். மாசம் 14,000. ஆர்டர்ல சம்பளம்னு இல்ல, மதிப்பூதியம்னு இருக்கு, 11 மாசத்துக்கு. மலையாளம் நல்லாப் பேசுவேன், எழுதத்தான் தடுமாறும். அம்மா, "பைத்தியக்காரங்க கூட வேலை பாத்தா பொண்ணு யாருல குடுப்பா"ங்கா. உள்ள இருந்து பாத்தவங்க யாராவது சொல்லுங்க.

பழைய_மீட்டர்கேஜ்:
தம்பி, அந்த மாதிரி ஒரு இடத்துல ஏழு வருஷம் இருந்தேன். எந்த இடம்னு கேக்காத. அம்மாகிட்ட முதல்ல இதைச் சொல்லு: ஏழு வருஷத்துல ஒரு நோயாளி கூட என் மேல கை வச்சதில்ல. நாய் ரெண்டு தடவை கடிச்சிருக்கு.

குளத்தூப்புழைத் தோட்டத்துல இலங்கையில இருந்து திரும்பி வந்த நம்ம ஆளுங்க நிறைய. அவங்களுக்காகவே 1976ல ஆரம்பிச்ச ரப்பர் தோட்டக் கம்பெனி அது. அங்க ஒரு வீடு. பையனுக்கு முப்பது வயசிருக்கும், மனச்சிதைவு. வேற எந்த மாத்திரைக்கும் நோய் கேக்காம, க்ளோசபின்ங்கிற மாத்திரை ஆரம்பிச்சாங்க. அதுல ரத்த வெள்ளணு இறங்கிடும்னு பயம் உண்டு. அதனால முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் பாக்கணும். அவனோட அம்மா பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன்ன வெட்டினாத்தான் பால் வடியும், வெயில் ஏறினா நின்னுபோகும். காலையில ரத்தம் குடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னைக்குக் கூலி போச்சு. பதினெட்டு வாரத்துக்கு எத்தனை நாள் கூலின்னு நீயே பாத்துக்க. நாலாவது வாரம் "போதும் மோளே, அவன் நல்லாத்தான் இருக்கான்"னுட்டா. அப்புறம் நான் காலையிலயே போய் அவனைக் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சேன்.

அந்தம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. காலை மாத்திரையைக் கடைத்தாள்லயும் ராத்திரி மாத்திரையை நீலத் துணியிலயும் முடிஞ்சு வைக்கும். தாள்னா வெளிச்சம், துணின்னா இருட்டு. நான் சொல்லிக்குடுத்தது இல்ல, அதுவே பண்ணிக்கிட்டது. அந்த மருந்து தின்னா ராத்திரியெல்லாம் எச்சில் ஊறும், தலையணை நனைஞ்சு போயிரும். பாதையில ஏறும்போதே கொடியில தலையணை உறை காயுதான்னு பாப்பேன். காஞ்சா மாத்திரை உள்ள போகுதுன்னு அர்த்தம். ஒரு தடவை ரெண்டு வாரமா உறை இல்ல. கேட்டா, பையன் மாத்திரையை அடுப்புச் சாம்பல்ல புதைச்சு வச்சிருக்கான்.

இதை எந்த ரிப்போர்ட்லயும் எழுத இடம் கிடையாது. எங்களுக்கு மாசம் 40 வீடுன்னு கணக்கு. டவுனுக்குள்ள ஒரே நாள்ல எட்டு வீடு ஏறலாம். குளத்தூப்புழை போனா ஒரு வீடு, ஒரு நாள், ஆட்டோ வேற. மாசக்கூட்டத்துல என் பேரு எப்பவும் கடைசி. தூரத்து வீட்டுக்குப் போறவன் சோம்பேறின்னு காட்டுற கணக்கு அது. கூட இருந்தவங்க மெதுவா தூரத்து வீடுகளை "ஒத்துழைப்பு இல்லை"ன்னு எழுதி மூடிட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், பிள்ளைகுட்டிக்காரங்க.

இன்னொண்ணு போட்டோ. பணம் குடுக்கிறவங்களுக்கு அனுப்ப, பேனரோட அந்தப் பையனை நிக்க வைன்னாங்க. அந்தம்மா துண்டால அவன் மூஞ்சிய மூடிட்டா. நானும் எடுக்கல. அந்த மாசப் பயணப்படி பில் வரவே இல்ல.

பாத்துச் சேரு. சேரும் முன்ன கேளு: மாசம் எத்தனை வீடு, வண்டிக்கூலி யாரு, மனசு கனத்துப் போனா யார்கிட்ட பேசணும். கடைசிக் கேள்விக்குச் சிரிச்சாங்கன்னா யோசி.

வவுச்சர்_அண்ணாச்சி:
இந்த மாதிரி ரெண்டு இடத்துல கணக்கு எழுதியிருக்கேன். வெளிநாட்டுப் பணம் வாங்குற இடம்னா, வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல 2020ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; முன்ன 50 இருந்துச்சு. வாடகை, ஆபீஸ் ஆட்கள் சம்பளம் எல்லாம் அதுக்குள்ள. முதல்ல தூக்கினது யாரைத் தெரியுமா? அந்த அக்கா சொன்ன "மனசு கனத்தா பேச" இருந்த சூப்பர்வைசரை. ப்ராஜெக்ட் முடிஞ்சு அடுத்த பணம் வரும்வரை சம்பளம் நிக்கும். என் ரெண்டு இடத்துலயும் நின்னுச்சு. ரெண்டு மாசக் காசு கையில இல்லாம ஜவுளிக்கடையை விடாதீங்க. மதிப்பூதியம்னு எழுதிட்டா பி.எஃப் கட்ட வேண்டாம்னு நினைப்பாங்க. 20 பேர் வேலை பாக்கிற இடம்னா வாயைத் திறந்து கேளுங்க.

ஊன்றுகோல்:
போலியோ கால். மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்துலதான் மூணு வருஷம் வேலை பாத்தேன். ஆபீஸ் மாடியில, லிஃப்ட் கிடையாது. கையெழுத்துப் போட ரிஜிஸ்டரைக் கீழ கொண்டு வாங்கன்னு கேட்டதுக்கு, "உங்களுக்காக மட்டுமா"ன்னாங்க. மத்தபடி நல்ல ஆட்கள்தான்.

தோட்டத்து ஆட்கள்ல பாதிப்பேருக்கு ரேஷன் கார்டு தமிழ்நாட்டுல, வேலை கேரளாவுல. யு.டி.ஐ.டி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, நாடு முழுக்கச் செல்லும். உதவித்தொகை அப்படி இல்ல, அந்தந்த மாநிலத்துக் கணக்கு. எந்த முகவரியில விண்ணப்பம் போடுறதுன்னு முதல்லயே குடும்பத்தோட உக்காந்து பேசிடுங்க. பாதி அலைச்சல் மிச்சம்.

கோட்டைவாசல்_பையன்:
எல்லாருக்கும் நன்றி. மூணு கேள்வியையும் போன்ல கேட்டேன். மாசம் 35 வீடாம், தூரத்து வீடு ரெண்டாக் கணக்காம். வண்டிக்கூலி பஸ் டிக்கெட் காட்டினாத் தருவாங்களாம். மூணாவதுக்குச் சிரிக்கல, "ஆள் எடுக்கப் போறோம்"னாங்க. அக்கா, அந்தப் பையன் இப்ப எப்படி இருக்கான்?

பழைய_மீட்டர்கேஜ்:
பஸ் டிக்கெட்டா? தோட்டத்துக்குள்ள பஸ் எங்க இருக்கு, ஜீப்பு டிக்கெட் குடுக்காது. அதை எழுதி வாங்கிக்கோ.

அவன் சாயங்காலம் ஒட்டுப்பால் (மரத்துல உறைஞ்சு ஒட்டியிருக்கிற ரப்பர் பால்) பொறுக்கப் போறானாம். அந்தம்மா இன்னும் மாசம் ஒருதடவை கூப்பிடும். இப்ப வீட்டுக்கு யாரும் வர்றதில்லையாம். நீ சேந்தா சொல்லு, வழி சொல்றேன். மழை ஆரம்பிச்சா அட்டைப்பூச்சி கால்ல அப்பும், பையில பொடி உப்பு வச்சுக்கோ.