வளரும் நாடுகளின் நீர்ப் பாதுகாப்புக்கு எந்த வகைப் பணம் பொருந்தும்?

புதுப்புனல் (கேள்வி)

2009இல் கோபன்ஹேகனில் கூடிய காலநிலை மாநாட்டில், 2020ஆம் ஆண்டுக்குள் ஆண்டொன்றுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக வளர்ந்த நாடுகள் வாக்களித்தன. அத்தொகை 2022இல்தான் முதன்முறையாக எட்டப்பட்டதாக வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி கணக்கிட்டுள்ளது. 2024இல் அசர்பைஜான் தலைநகர் பாக்குவில் நடந்த மாநாட்டில், 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று புதிய இலக்கு வைக்கப்பட்டது. ஆனால் வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்குவதற்கான தகவமைப்புப் பணிகளுக்கு மட்டுமே, வளரும் நாடுகளுக்கு இந்தப் பத்தாண்டில் ஆண்டுதோறும் 21,500 கோடி முதல் 38,700 கோடி டாலர் வரை தேவைப்படும் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. 2021இல் இப்பணிகளுக்கு வெளிநாட்டு அரசுகளும் பன்னாட்டு வங்கிகளும் தந்ததோ ஏறத்தாழ 2,100 கோடிதான்.

வருகிற பணத்திலும் பெரும்பங்கு கடனாகவே வருகிறது. குடிநீர்க் குழாய்க்கும் வெள்ளத் தடுப்புக் கரைக்கும் வாங்கிய கடனை ஓர் ஏழை நாடு எந்த வருமானத்திலிருந்து அடைக்கும்? கட்டணத்தை உயர்த்தினால் மக்கள் எதிர்ப்பார்கள். உயர்த்தாவிட்டால் குழாய் பழுதாகும். அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

கணக்குப்பிள்ளை

நீர்த்துறைக்குப் பணம் வரும் ஊற்றுகள் மூன்றே: பயன்படுத்துவோர் செலுத்தும் கட்டணம், அரசு தரும் வரிப்பணம், திருப்பிக் கேட்கப்படாத வெளி உதவி. கடன் இவற்றில் சேராது; நாளை இம்மூன்றில் ஒன்றிலிருந்து வரவேண்டியதை இன்றே வாங்கிச் செலவிடுவதுதான் கடன். சூரிய மின்நிலையம் மின்சாரத்தை விற்றுத் தன் கடனை அடைத்துவிடும் என்பதால் முதலீட்டாளர்கள் அங்கே தயங்காமல் வருகிறார்கள். வெள்ளக்கரை எதையும் விற்பதில்லை. வராத வெள்ளத்துக்கு யாரும் ரசீது போட முடியாது. ஆகவே அத்தகைய பணிகளுக்கு வரிப்பணமோ மானியமோதான் பொருந்தும் என்பது என் கருத்து.

கட்டணம் வசூலாகும் குடிநீர்த் திட்டத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. வருமானம் உள்நாட்டு நாணயத்தில் வரும். தவணையோ டாலரில் கட்டவேண்டும். பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் 1997 ஆகஸ்டில் நகரம் இரு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு இரண்டு தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அரசு நீர் நிறுவனத்தின் பழைய வெளிநாட்டுக் கடனில் 90 விழுக்காட்டை மேற்கு மண்டலத்தை எடுத்த மேனிலாட் நிறுவனம் சுமந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் ஆசிய நிதி நெருக்கடி தொடங்கியிருந்தது. டாலருக்கு 26 பெசோ என்றிருந்த மதிப்பு, சில மாதங்களிலேயே 40ஐ ஒட்டிச் சரிந்தது. அதே காலத்தில் எல் நினோ (பசிபிக் கடல் சூடேறுவதால் மழை பொய்க்கும் நிகழ்வு) வறட்சியால் நகருக்கு அங்காட் அணையிலிருந்து வரும் நீரும் குறைந்தது. விற்கத் தண்ணீர் குறைவு, அடைக்கவேண்டிய கடனோ பெசோ கணக்கில் ஒன்றரை மடங்கு. 2003இல் அந்நிறுவனம் நீதிமன்றத்தில் கடன் சீரமைப்புக் கோரியது. காலநிலை இடரும் செலாவணி இடரும் ஒரே நேரத்தில் தாக்கக்கூடும் என்பதைக் கடன் ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் இன்றும் போதுமான அளவு கருதுவதில்லை.

ஆற்றுப்படுகை

மேலே கூறியதை மறுக்கவில்லை. ஆனால் கட்டண உயர்வு என்றாலே கிளர்ச்சி என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். கம்போடியத் தலைநகர் நோம் பென்னில் 1993இல் உற்பத்தியான நீரில் 72 விழுக்காடு கசிவாலும் திருட்டாலும் வருமானம் தராமல் போயிற்று. நகர நீர் நிறுவனத்தின் தலைவராக எக் சொன் சான் பொறுப்பேற்றபின் அது படிப்படியாக 6 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. அவர் முதலில் செய்தது வீடு வீடாகச் சென்று இணைப்புகளைக் கணக்கெடுத்ததும் மீட்டர் பொருத்தியதும்தான். செல்வாக்குள்ளவர்களின் வீடுகளுக்கும் விலக்கு அளிக்கவில்லை. சேவை மேம்படத் தொடங்கியபின் கட்டணம் உயர்ந்தது. ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்புச் செலவில் மானியம் கிடைத்தது. குழாய் எட்டாத ஏழைகளே தண்ணீர் விற்பவர்களிடம் அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்பதை நினைவிற்கொண்டால், அவர்களுக்கு இது சுமைக்குறைப்பு.

2000இல் பொலிவியாவின் கோச்சபம்பாவில் வரிசை தலைகீழாக இருந்தது: சேவை மேம்படுவதற்கு முன்பே கட்டணம் ஏறியது, மக்கள் தெருவில் இறங்கினார்கள், தனியார் ஒப்பந்தம் ரத்தாயிற்று.

ஒன்றை மறைக்கக்கூடாது. நோம் பென்னின் சீரமைப்புக்கு ஜப்பான், பிரான்ஸ் ஆகியவற்றின் மானியமும் உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி ஆகியவற்றின் கடனும் துணைநின்றன. தன் காலில் நிற்கும் நிலைக்கு வருவதற்கே முதலில் வெளிப்பணம் வேண்டியிருந்தது.

மழைமானி

நோம் பென் மேகாங், தொன்லே சாப் ஆறுகள் கூடும் இடத்தில் இருக்கிறது. அங்கே சிக்கல் குழாயில்தான், ஆற்றில் இல்லை. நீரின் மூலமே ஆட்டங்காணும் இடங்களுக்கு வேறு ஏற்பாடு தேவை. ஈக்வடார் தலைநகர் கித்தோ 2000இல் தொடங்கிய நீர்நிதியம் ஒரு நல்ல முன்மாதிரி. நகர நீர் நிறுவனம் தன் விற்பனை வருவாயில் 2 விழுக்காட்டை அதற்குச் செலுத்துகிறது. சேர்ந்த மூலதனத்தைத் தொடாமல், அது ஈட்டும் வருவாயைக் கொண்டு மலைப்புல்வெளி நீர்ப்பிடிப்புப் பகுதிகளைக் காக்கிறார்கள். தொகை சிறிது, ஆனால் ஆட்சி மாறினாலும் நிற்காமல் வருகிறது.

வறட்சிக் காப்பீட்டைச் சிலர் சர்வரோக நிவாரணிபோல் பேசுகிறார்கள். 2015-16இல் மலாவி, ஆப்பிரிக்க இடர்க் காப்பீட்டு அமைப்பில் முனைமம் (பிரீமியம்) கட்டியிருந்தது. கடும் வறட்சி வந்தும், பாதிப்பைக் கணிக்கும் கணினி மாதிரி (மாடல்) இழப்பீடு இல்லை என்றது. உழவர்கள் குறுகியகால மக்காச்சோளத்துக்கு மாறியிருக்க, மாதிரியோ நீண்டகால வகையையே கணக்கில் வைத்திருந்தது. களத்தில் சரிபார்த்து ஏறத்தாழ 80 லட்சம் டாலர் வழங்கப்படுவதற்குள் பல மாதங்கள் கடந்துவிட்டன. பசிக்குக் காத்திருக்கத் தெரியாது.

புதுப்புனல்

அனைவருக்கும் நன்றி. ஓர் ஐயம் மட்டும் மீதி. நீர்த்துறைக்கு ஒதுக்கிய தொகையில் கால்பங்குக்கும் மேல் செலவாகாமல் கிடக்கிறது என்று உலக வங்கியின் 2024ஆம் ஆண்டு ஆய்வு கூறுகிறது. அப்படியானால் பற்றாக்குறை என்ற பேச்சே பொய்யா?

கணக்குப்பிள்ளை

இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியும். நிலம் கையகப்படுத்தல் முடியவில்லை, ஒப்பந்தப்புள்ளி தள்ளிப்போகிறது, நிதியாண்டின் கடைசியில் தொகை வந்து சேர்கிறது, வரைபடம் தயாரிக்கப் பொறியாளர் இல்லை. இவையெல்லாம் சேர்ந்துதான் பணம் முடங்குகிறது. திட்டம் தயாரிக்கும் செலவுக்குக் கடன் தர முன்வருவோர் குறைவு என்பதால், மானியத்தின் முதல் பங்கை அங்கேதான் வைக்கவேண்டும் என்பேன்.

கடன் தவிர்க்க முடியாதது என்றால், கரீபியன் தீவு நாடான கிரெனடா செய்ததைக் கேளுங்கள். 2015இல் தன் கடன்பத்திரங்களைச் சீரமைத்தபோது, பெரும்புயல் தாக்கினால் தவணைகளை ஒத்திவைக்கலாம் என்ற விதியைச் சேர்த்துக்கொண்டது. 2024 ஜூலையில் பெரில் புயல் அந்நாட்டின் கரியாக்கூ தீவைச் சிதைத்தபோது அவ்விதியைப் பயன்படுத்தி, தவணைக்குரிய பணத்தை மீட்புப் பணிக்குத் திருப்பியது. கடன் தள்ளுபடி ஆகவில்லை. ஒத்திவைத்த வட்டி பின்னர் முதலோடு சேரும். ஆனால் பணம் தேவைப்பட்ட மாதத்தில் அது கையில் இருந்தது.