மறு: ரீசஸ்பென்ஷனுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். தரையில் படிந்த புழுதி மறுபடி காற்றில் எழும்புவதை ஆங்கிலத்தில் ரீசஸ்பென்ஷன் என்கிறார்கள், அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தார்கள். 'மறுதொங்கல்' என்று எழுதிய நண்பர் தவறாக நினைக்க வேண்டாம், எனக்கு அது மனசில் ஒட்டவில்லை. தொங்கல் என்றதும் கொடியில் காயும் துணிதான் கண்ணில் வருகிறது.

நேற்றுக் காலை கிண்டியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவர் நடைபாதை ஓரத்தில் கறுத்துக் கிடந்த மண்ணைக் கூட்டிக் குவித்தார், அள்ளுவதற்குள் ஒரு பஸ் ஓரம் கட்டிப் போனது, பாதிக் குவியல் எழும்பி அவர் முகத்திலும் டீக்கடை வடைத் தட்டிலும் படிந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுபடி முதலிலிருந்து கூட்டினார்.

அது வெறும் மண் இல்லை. டயர் தேய்ந்து வந்த துத்தநாகம், பிரேக் தேய்ந்து வந்த செம்பு, பழைய பெயிண்ட் உதிர்ந்து வந்த காரீயம் (லெட்) எல்லாம் அதில் இருக்கும். காரீயம் கலந்த பெட்ரோல் 2000-இலேயே நாடு முழுக்க நின்றுபோனது, ஆனால் உலோகம் மக்காதே, அன்று படிந்தது சாலையோர மண்ணில் தங்கிவிடும். தவழும் குழந்தை தரையில் கை வைத்து அதே கையை வாயிலும் வைக்கும். வயிற்றுக்குள் போகும் காரீயத்தைக் குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட 4, 5 மடங்கு வரை உறிஞ்சிக்கொள்ளும், மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், எலும்பில் போய்த் தங்கும். இதற்குக் கீழே இருந்தால் பயமில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். 'எழுபுழுதி' என்று வைக்கலாமா? அலமாரியில் படிவதைத் தூசி என்கிறோம், தெருவில் கிடந்து பறப்பதைப் புழுதி என்றுதான் சொல்கிறோம். அப்புறம் இது வினைத்தொகை: எழுந்த புழுதி, எழுகின்ற புழுதி, எழும் புழுதி மூன்றும் இதில் அடங்கும், அதனால் 'மீள்' என்று தனியாக ஒட்ட வேண்டியதில்லை. நடக்கும் செயலைச் சொல்ல 'புழுதியெழல்' போதும்.

இன்னொன்று, தயவுசெய்து வெறும் 'ஈயம்' என்று எழுதாதீர்கள். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம், இது காரீயம். படிக்கிறவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டால் ஆபத்து.

அங்கன்வாடிகளுக்கான துண்டறிக்கையில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'எழுபுழுதி படிந்த தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.' வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, இதைவிட நல்ல சொல் இருந்தால் அதற்குள் சொல்லுங்கள்.