உடம்பில் சிவந்து பள்ளமான தடங்கள்: எதை வைத்துப் பிரித்தறிவது?

கேள்வி:
மார்பிலும் முதுகிலும் சிவப்பான தடங்கள். அரிப்பு, செதில் எதுவுமில்லை. தடவினால் சுற்றியுள்ள தோலைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கிறது. இணையப் படங்களில் எல்லாம் ஒன்றுபோலவே தெரிகிறது. தோல் மருத்துவரிடம் போகுமுன் எதையெல்லாம் கவனித்து வைக்கலாம்?

பதில் 1:
படத்தைவிட விரல் அதிகம் சொல்லும். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தோலை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள்; பள்ளத்தின் விளிம்பு நிழலாக விழும். பிறகு நடுவிலும் ஓரத்திலும் அழுத்திப் பாருங்கள்.

நடுவில் தோல் இறுகி, தந்த நிறத்தில் பளபளத்து, ஓரம் மட்டும் ஊதா கலந்த சிவப்பு என்றால் முதலில் மார்ஃபியாவை (தோல் தடித்து இறுகும் நோய்) சந்தேகிக்கலாம். அந்த ஊதா வளையம் இருக்கும்வரை நோய் அடங்கவில்லை. சிகிச்சை நன்றாகப் பலிக்கும் காலமும் அதுதான்; பழுப்பாகிப் பள்ளம் விழுந்தபின் அதை நிரப்புவது கடினம்.

இறுக்கமே இல்லாமல், படி இறங்குவதுபோல் விளிம்பு சட்டென்று தாழ்ந்தால் அட்ரோஃபோடெர்மா (தோல் மெலிந்து பள்ளமாகும் நிலை). பெரும்பாலும் முதுகில் வரும், தொல்லை தராது. அழுத்தும்போது விரல் பொத்தான் துளைக்குள் போவதுபோல் இறங்கினால் அனெட்டோடெர்மா. அங்கே தோலுக்கு மீள்தன்மை தரும் எலாஸ்டின் நார்கள் அழிந்திருக்கும். அதற்கு, ரத்தம் உறையும் போக்கு உண்டா என்று காட்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் ரத்தப் பரிசோதனையும் கேட்பார்கள்.

பதில் 2:
வட்டமா, கோடா என்பதை விட்டுவிட்டீர்களே. கோடாக இருந்தால் பெரும்பாலும் புதிய ஸ்ட்ரெச் மார்க்தான். முதலில் சிவந்து, பிறகு வெளுக்கும். வேகமாக உயரும் பதின்வயதினருக்கு இடுப்புக்கு மேலே குறுக்காக விழும். அடித்த தழும்பென்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் 1 செ.மீ.க்கு மேல் அகலமான கரு ஊதாக் கோடுகள் வயிற்றில் வந்து, முகம் உப்பி, சின்ன இடிக்கே தோல் கன்றிப்போனால் கார்ட்டிசால் (உடலே சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன்) அளவைப் பார்க்க வேண்டும்.

க்ரீம் ட்யூபையும் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த படர்தாமரை க்ரீமை மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் தெரிய, சிவந்து குழியும். தழும்புக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்ட இடத்திலும் சில வாரம் கழித்துப் பள்ளம் விழலாம். பல மாதங்களில் பெரும்பாலும் தானே மேடேறும்.

கேட்டவர்:
அவசரமாகப் போக வேண்டியது எது?

பதில் 3:
இரண்டு. சில மி.மீ. அளவில், நடுவில் பீங்கான் வெள்ளையும் சுற்றிச் சிவப்பு வளையமும் கொண்ட குழிகளோடு வயிற்றுவலி இருந்தால் அன்றே போங்கள். சிறு ரத்த நாளங்களை அடைக்கும் இந்த டீகோஸ் நோய் மிக அரிது, ஆனால் குடலைத் துளைத்துவிடும்.

மற்றது தொழுநோய். அதில் ஓரம் தடிப்பதால் நடுப்பகுதி பள்ளம்போலத் தோன்றும். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் தடத்தையும் பக்கத்துத் தோலையும் மாற்றி மாற்றித் தொடுங்கள். தடத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். உணர்ச்சி இருப்பதால் மட்டும் தொழுநோய் இல்லை என்றாகிவிடாது.

பயாப்ஸி (சோதனைக்குத் தோல் துண்டு) எடுத்தால், பக்கத்து நல்ல தோலும் அடிக்கொழுப்பும் சேர்ந்து வருமா என்று கேளுங்கள். அட்ரோஃபோடெர்மாவில் நடுவில் மட்டும் எடுத்த சிறு துண்டு, ஒப்பிட எதுவும் இல்லாததால், இயல்பான தோல் என்றே அறிக்கை வரக்கூடும்.