மாங்காய், மிளகாய்த்தூள், உப்பு: உங்கள் வீட்டில் எப்படி?

சத்துவாச்சாரியிலிருந்து:

கத்திரி பிறக்கும் முன்பே வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தொட்டுவிடும். அப்புறம் மத்தியானச் சோறு பேருக்குத்தான். சாயங்காலம் ஆனால் வாய் காரமாக எதையாவது கேட்கும், ஆனால் அடுப்புப் பக்கம் போக மனசு வராது. எங்கள் வீட்டில் அந்த நேரத்துக்கு மாங்காயும் மிளகாய்த்தூளும். எல்லார் வீட்டிலும் இருப்பதுதானே என்பீர்கள். ஆனால் வீட்டுக்கு வீடு கைப்பக்குவம் மாறுகிறது, அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நேதாஜி மார்க்கெட்டில் நான் வழக்கமாக வாங்கும் அம்மா, "இன்னாத்துக்குமா, ஊறுகா போடவா, துன்றதுக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் கூடையில் கை வைப்பார். துன்றதுக்கு என்றால் கிளிமூக்கு. அதிலும் காம்புக்கு இரண்டு பக்கமும் தோள் எழும்பிய காயாகப் பொறுக்கித் தருவார். தோள் எழும்பாத பிஞ்சு வெறும் புளிப்பு. தோள் ஏறிய காயை வெட்டினால் மேலே பச்சை, கொட்டையை ஒட்டி லேசாக மஞ்சள். இந்த வேலைக்கு அதுதான் சரி.

வீட்டுக்கு வந்ததும் காம்பைக் கிள்ளி, காயைக் கவிழ்த்து வைத்துப் பால் வடிய விடுவேன். அந்தப் பால் உதட்டில் பட்டால் புண்ணாகிவிடும், பிள்ளைகளுக்கு இன்னும் மோசம். பிறகு நன்றாகக் கழுவி, தோலோடு விரல் நீளத்துக்கு நறுக்குவேன். ஒரு பெரிய காய்க்கு ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுப் புரட்டி, அதன் மேல் அரை டீஸ்பூன் மிளகாய்த்தூள், ஒரு சிட்டிகை பெருங்காயம், கொஞ்சம் வெல்லத்தூள். உப்பு மட்டும் சாப்பிட உட்காரும்போது. முன்னாடியே போட்டால் உப்பு காயிலிருந்து தண்ணீரை இழுத்துவிடும், தட்டில் சிவப்பாகச் சாறு நிற்கும், துண்டு துவண்டு போகும். மிளகாயின் காரம் எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் கரையாது. அதனால் எண்ணெய் பட்ட துண்டில் காரம் ஒரே சீராக ஏறுகிறது, நாக்கில் ஒரு இடத்தில் மட்டும் குத்துவதில்லை. மிளகாயை வெறும் சட்டியில் லேசாக வறுத்து இடித்தால் வாசனையே தனி.

எண்ணெய் சேர்ப்பவர்கள் இங்கே யாராவது உண்டா? எங்கள் தெருவில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

தோட்டப்பாளையத்திலிருந்து:

சிரிப்பவர்களை எங்கள் கடைக்கு அனுப்புங்கள். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வைத்தியத்துக்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து வாரக்கணக்கில் லாட்ஜில் தங்குகிறார்கள், அறையிலேயே சமைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்காகவே கடுகெண்ணெய் வாங்கி வைப்பது இந்தப் பக்கத்துக் கடைகளில் சாதாரணம்.

போன கோடையில் ஒரு வயதான வங்காளத்து அம்மா, வீட்டுக்காரருக்கு வைத்தியம் பார்க்க வந்தவர், கடுகெண்ணெய் வாங்கியதோடு மாங்காய் எங்கே கிடைக்கும் என்று சைகையில் கேட்டார். தெருமுனைத் தள்ளுவண்டியைக் காட்டினேன். வாங்கிக்கொண்டு திரும்பி வந்து துருவல் கட்டை இருக்கிறதா என்றார். வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கடைத் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். தோல் சீவித் துருவி, பச்சை மிளகாயை உப்பும் சர்க்கரையும் வைத்து விரலாலேயே நசுக்கி, கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் போட்டு, கடைசியில் கடுகெண்ணெயைப் பச்சையாக ஊற்றிப் பிசைந்தார். அந்தக் கை வேகத்தைப் பார்க்கணுமே! ஊரில் தினமும் செய்கிற கை அது. அவர்கள் ஊரில் இதற்கு ஆம் மாகா என்று பெயராம்.

"கான், தாதா" (சாப்பிடுங்கள், அண்ணா) என்று ஒரு கை நீட்டினார். முதலில் புளிப்பு, பிறகு சர்க்கரை, அப்புறம் மிளகாய். எல்லாம் அடங்கியது என்று நினைக்கும்போது கடுகு நெடி மூக்கில் ஏறியது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த அம்மா சிரித்த சிரிப்பில், ஆஸ்பத்திரி வேலையாக வந்தவர் என்பதே மறந்துபோனது. வீட்டுக்காரரின் உடம்பு பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இப்போது நானும் வீட்டில் செய்கிறேன். என் வீட்டுக்காரி மட்டும் அந்த நெடி ஆகாது என்று தட்டைத் தள்ளி வைத்துவிடுகிறாள். ஆக, எண்ணெய் சேர்ப்பது உங்கள் வீட்டு வழக்கம் மட்டும் இல்லை. எண்ணெய்தான் வேறு.

குடியாத்தத்திலிருந்து:

நான் எதிர்க்கட்சி. மாங்காய்க்கு எண்ணெய் விட்டால் அது ஊறுகாய்.

வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வந்தவர்களுக்குத் தெரியும், கூட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு மாங்காய் வண்டியும் நிற்கும். ஒரு வண்டிக்காரரின் கையையே நின்று பார்த்திருக்கிறேன். காயைத் துண்டாக்க மாட்டார். மேலிருந்து வரிவரியாகக் கீறுவார், அடியில் ஒட்டியபடி விட்டுவிடுவார். இரண்டு கையாலும் லேசாக அழுத்தினால் காய் விசிறியாக விரியும். ஒவ்வொரு கீறலிலும் உப்பு கலந்த மிளகாய்த்தூளை விரலால் தடவுவார். வெட்டின வாயில் ஈரம் இருக்கும்போதே தடவிவிடுவதால் தூள் தானாகப் பிடிக்கும், எண்ணெய்க்கு வேலையே இல்லை. தூள் டப்பாவில் ஒரு சொட்டு ஈரம் படவிட மாட்டார். கத்திக்கு ஒரு துணி, கைக்கு ஒரு துணி. முன்கூட்டியே வெட்டிக் குவித்து வைக்காத வண்டியாகப் பார்த்து வாங்குவது நம் பொறுப்பு.

அன்னாசிக்கும் அவர் ஒரு வழி சொன்னார். துண்டுகளை உப்புத் தண்ணீரில் ஒரு அலசு அலசி எடுத்தால் நாக்கு அரிப்பது குறையும். அதற்கு மிளகாயை விட மிளகுதான் சேரும் என்பது என் கட்சி.

வாணியம்பாடியிலிருந்து:

2018, 2019 இரண்டு வருஷமும் ரம்ஜான் மே மாத வெயிலில் வந்தது. பக்கத்து வீட்டு ஆப்பா (உருதுவில் அக்கா) சாயங்காலம் எங்களுக்கும் ஒரு தட்டு அனுப்புவார். பப்பாளி, அன்னாசி, தர்பூசணி, மேலே மிளகு, கறுப்பு உப்பு, எலுமிச்சை. பழத்தையெல்லாம் தனித்தனிக் கிண்ணத்தில் நறுக்கி மூடி வைத்து, நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போதுதான் கலப்பார்கள். தர்பூசணியில் உப்பு பட்டால் கதை முடிந்தது, கிண்ணம் முழுக்கத் தண்ணீர். சத்துவாச்சாரி அக்கா உப்பைப் பற்றிச் சொன்னது அதே கதைதான்.

இன்னொன்று. தள்ளுவண்டியில் தூள் ரொம்பச் சிவப்பாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். கடையில் வாங்கும் தூளை வீட்டில் பார்த்துவிடலாம். கண்ணாடி டம்ளர் தண்ணீரின் மேல் ஒரு சிட்டிகை தூவுங்கள். சாயம் சேர்த்திருந்தால் கோடு கோடாகச் சிவப்பு கீழே இறங்கும்.

சத்துவாச்சாரியிலிருந்து:

குடியாத்தத்து அண்ணா, விசிறி வெட்டு போட்டுப் பார்த்தேன். கீறலுக்குள் தூள் பிடிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெட்டியதும் சாப்பிட்டுவிட வேண்டும், கொஞ்சம் ஆறப்போட்டால் தண்ணீர் விடுகிறது. பிள்ளைகள் விளையாடிவிட்டு எப்போது வருவார்கள் என்று தெரியாத வீட்டுக்கு என் நல்லெண்ணெய் வழிதான் தோது, உப்பைத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்துவிடலாம். காரம் தாங்காத சின்னவனுக்குத் தண்ணீர் கொடுத்துப் பயன் இல்லை, மோர் கொடுத்தால் உடனே அடங்கிவிடுகிறது.

கடுகெண்ணெய் லாங்கு பஜாரில் சின்ன பாட்டிலாகக் கிடைக்குமா, தோட்டப்பாளையத்து அண்ணா? இல்லையென்றால் உங்கள் கடைக்கே வருகிறேன். கொய்யாவுக்கு யாராவது எண்ணெய் விட்டுப் பார்த்திருந்தால் எழுதுங்கள். எனக்கென்னவோ கொய்யாவுக்கு வெறும் உப்பும் தூளும் போதும் என்று தோன்றுகிறது.