அம்மாவுக்கு மைட்ரல் வால்வு லீக்: மாத்திரையிலேயே ஓட்டலாமா, ஆபரேஷன்தானா?

நீடாமங்கலத்துப் பொண்ணு:
வணக்கம். அம்மாவுக்கு 57 வயது. சம்பா நடவைப் பார்க்க வரப்பில் நடந்து வந்தாலே மூச்சு வாங்கியது, ராத்திரி தலையணையை உயர்த்தி வைத்தால்தான் தூக்கம். தஞ்சாவூரில் எக்கோ எடுத்ததில் மைட்ரல் வால்வில் (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கிற கதவு) பெரிய லீக், ஒரு இதழ் தளர்ந்து பின்னால் சரிகிறது, இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை எத்தனை சதவீத ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு) 58 என்று எழுதியிருக்கிறார்கள். லாசிக்ஸ் மாத்திரை ஆரம்பித்த பிறகு கால் வீக்கம் வடிந்து, மூச்சும் பரவாயில்லை. டாக்டர் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார். அம்மாவோ மாத்திரையிலேயே நன்றாகத்தானே இருக்கிறது, தை அறுப்பு முடியட்டும் என்று ஒரே பிடிவாதம். பெரியப்பா, நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாகக் கிளிப் போடுகிறார்களாம், அதைக் கேள் என்கிறார். எது சரி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எக்கோ ரூம் (தஞ்சாவூர்):
எக்கோ எடுப்பதுதான் என் வேலை தங்கச்சி, அதனால் அந்த 58-ஐப் பற்றி முதலில் சொல்கிறேன். மற்றவர்களுக்கு அது நல்ல எண். பெரிய மைட்ரல் லீக் இருக்கிறவர்களுக்கு அப்படி இல்லை. இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் ரத்தத்தில் ஒரு பங்கு முன்னால் போகாமல் நுரையீரல் பக்கமே திரும்புகிறது, அப்படித் திரும்புவதும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவதால் எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். 60-க்கோ அதற்குக் கீழோ இறங்கினாலே, அல்லது இடது கீழறை சுருங்கிய நிலையில் 40 மில்லிமீட்டரை எட்டினாலே, தொந்தரவு தெரியாதவர்களுக்குக்கூட ஆபரேஷன் சொல்வார்கள். அம்மாவுக்கு மூச்சு வேறு வாங்கியிருக்கிறது. லாசிக்ஸ் தேங்கிய நீரை வடிக்கும், அவ்வளவுதான், சரிந்த இதழை அது தூக்கிக் கட்டாது. மூச்சு சுலபமான பிறகும் லீக் அதே அளவுதான். காத்திருக்கிற மாதங்களில் தசை நைந்துபோனால், பிறகு வால்வைச் சரிசெய்தாலும் பழைய பலம் முழுசாகத் திரும்பாது.

இதழ் சரிவதால் வரும் லீக்கில் ஒரு நல்ல விஷயம், பெரும்பாலும் சொந்த வால்வையே ரிப்பேர் செய்யலாம். தளர்ந்த இடத்தைச் சரிசெய்து தைத்து, அடியில் ஒரு வளையம் வைத்து இறுக்குவார்கள். "மாற்றாமல் ரிப்பேர் செய்ய முடியுமா, நீங்கள் அடிக்கடி செய்வீர்களா" என்று சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள், கோபப்பட மாட்டார்கள். தொண்டை வழியாக ஒரு எக்கோ எடுத்தால் பதில் தெளிவாகத் தெரியும். கிளிப் உண்மையான சிகிச்சைதான். தொடை ரத்தக்குழாய் வழியாகப் போய் இரண்டு இதழையும் நடுவில் சேர்த்துப் பிடிக்கும். ஆனால் ஆபரேஷன் தாங்காத உடம்புக்குத்தான் முதலில் அதை யோசிப்பார்கள், செலவும் மிக அதிகம். 57 வயதில் வேறு நோய் இல்லை என்றால் ரிப்பேர்தான் நல்லது.

குடந்தை வாசி:
எனக்கு மெக்கானிக்கல் (செயற்கை) வால்வு, திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிறுவனத்தார் உருவாக்கினது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்திய அதே வகை. சின்ன வயசில் வந்த மூட்டுக் காய்ச்சல் என் வால்வைக் கெடுத்துவிட்டது, ரிப்பேருக்கு வழியில்லாமல் போனது. (வீட்டில் பிள்ளைகளுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து, பிறகு மூட்டு மாறி மாறி வீங்கினால் தயவுசெய்து டாக்டரிடம் காட்டுங்கள், பெனிசிலின் ஊசியை 21 நாளுக்கு ஒருமுறை விடாமல் போட்டால் வால்வு மேலும் கெடாமல் காக்கலாம்.) ராத்திரி அமைதியில் டிக் டிக் என்று கேட்கும், பழகிவிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை ஆயுசுக்கும் உண்டு, ரத்தம் உறையும் அளவான ஐ.என்.ஆர். 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்கவேண்டும். கீரையை விடச் சொல்கிறார்கள் என்று பயப்படாதீர்கள், ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று மாற்றக்கூடாது, அவ்வளவுதான். மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் நாமே மாத்திரை வாங்கக் கூடாது, ரத்தக்கசிவு வரும். திசு வால்வு (மாடு, பன்றியின் திசுவில் செய்தது) என்றால் ஆயுசுக்கும் இந்த மாத்திரை பெரும்பாலும் வேண்டாம், ஆனால் 10, 15 வருடத்தில் தேய்ந்துவிடும், 57 வயதில் அதையும் யோசிக்கணும். சொந்த வால்வையே ரிப்பேர் செய்தால் ஆயுசுக்கும் இந்தப் பாடு பெரும்பாலும் இல்லை என்பதால்தான் சொல்கிறேன், அதற்கு முயற்சி செய்யுங்கள்.

மாயவரம் அக்கா:
முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. சேர்வதற்கு முன்னாலேயே ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்ட்டரில் ரிப்பேருக்கு எவ்வளவு, மாற்றினால் எவ்வளவு, வளையமும் அதற்குள் அடங்குமா என்று கேட்டு வையுங்கள். அம்மாவுக்குச் சொத்தைப் பல் இருந்தால் இப்போதே காட்டிவிடுங்கள், பல் கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் போய் உட்கார்ந்தால் பெரும் ஆபத்து. அறுப்பைப் பற்றி அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: நெஞ்செலும்பு கூட ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும், ஐப்பசியிலேயே முடித்தால் தையில் களத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கலாம், மூட்டை தூக்கத்தான் கூடாது.

நீடாமங்கலத்துப் பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்ன கணக்கைச் சொன்னதும் அம்மா கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார். திங்கட்கிழமை சர்ஜனைப் பார்க்கிறோம். அதுவரை கவனிக்க வேண்டியது ஏதாவது?

எக்கோ ரூம் (தஞ்சாவூர்):
ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். தினமும் காலையில் எடை பாருங்கள், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் நீர் கோர்க்கிறது என்று அர்த்தம், டாக்டருக்கு போன் போடுங்கள். திடீரென்று படபடப்பு வந்தாலோ, படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தாலோ திங்கட்கிழமைக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டுவிடுங்கள்.